கிளிப்பா, கத்தியா, சும்மா இருப்பதா: தாடையைச் சரிசெய்யும் நான்கு வழிகள்

"இரண்டு டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் கிளிப்பே போதும் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் இல்லாமல் முடியாது என்கிறார். யாரை நம்புவது?" நான் தாடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் என்று தெரிந்ததும் வரும் கேள்விகளில் பாதி இதுதான். கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள்: "முதலில் ஆபரேஷன், அப்புறம் கிளிப் என்கிறார்களே, அது எப்படி?"

அந்த இரண்டு டாக்டர்களுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். சிக்கலே அங்கேதான். ஒரே வாயை இரண்டு விதமாகச் சரிசெய்ய முடியும். ஆனால் அந்த இரண்டு வழியும் பற்களை நேர் எதிர்த் திசைகளில் நகர்த்துகின்றன. ஒன்றில் பாதி தூரம் போய்விட்டு மற்றதற்கு மாறினால், போன தூரத்தையும் திரும்பி நடக்க வேண்டும். நான் அப்படி நடந்தவன். பதினைந்து வயதில் கீழ்வரிசையில் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டுக் கிளிப் போட்டார்கள். இருபத்து மூன்று வயதில் அந்த வேலை முழுவதையும் பிரித்துப்போட்டு ஆபரேஷனுக்குத் தயாரானேன். அதனால்தான் கேட்பவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: பல்லில் முதல் பிராக்கெட்டை (கிளிப்பின் கம்பியைப் பிடிக்கும் சிறு துண்டு) ஒட்டும் முன்பே எந்த வழி என்று முடிவாகிவிட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, கோளாறு பல்லிலா எலும்பிலா. கண்ணாடியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் வாய் தன் குறையைத் தானே மறைத்துக்கொள்ளும். கீழ்த்தாடை முன்னால் தள்ளி வளர்ந்தால் கீழ் முன்பற்கள் உள்பக்கமும் மேல் முன்பற்கள் வெளிப்பக்கமும் சாய்ந்துகொண்டு எப்படியாவது ஒன்றையொன்று தொடப் பார்க்கும். கீழ்த்தாடை பின்தங்கிய வாயில் கீழ்ப்பற்கள் முன்னால் சாய்ந்து எட்டிப் பிடிக்கப் பார்க்கும். எலும்பு எங்கே நிற்கிறது, பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேதான் தனித்தனியாகக் காட்டும். அந்தப் படத்தை எடுத்துக் கோடு போட்டு அளக்காமல் யார் தீர்ப்புச் சொன்னாலும், அது எந்தப் பக்கத் தீர்ப்பாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்களுக்கு என்னதான் தொந்தரவு? முன்பற்களால் எதையும் கடித்து எடுக்க முடியவில்லையா, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா, உதட்டை மூட முகத்தையே இறுக்க வேண்டியிருக்கிறதா? முகம் பிடிக்கவில்லை என்பதும் காரணம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாடை மூட்டு வலி போய்விடும் என்ற ஒரே நம்பிக்கையில் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். அந்த வலி சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குப் புதிதாக வருகிறது.

மூன்றாவது, வளர்ச்சி முடிந்துவிட்டதா. பெண்களுக்கு ஏறக்குறைய 16, 17 வயதிலும் ஆண்களுக்கு 18 முதல் 21 வயதுக்குள்ளும் தாடை நின்றுவிடும் என்பது பொதுக்கணக்கு. முன்தள்ளும் கீழ்த்தாடை சில சமயம் இந்தக் கணக்கை மதிக்காமல் அதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றமில்லை என்று உறுதியான பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

அப்புறம் எத்தனை மாதம், அதில் எந்த மாதங்கள் கடினம், பிடுங்கிய பல்லைப் போலத் திரும்பி வராதவை எவை, ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் கூட இருக்க ஆள் உண்டா என்பவை. கடைசிக் கேள்வியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

## ஒன்று: முதலில் கிளிப், நடுவில் ஆபரேஷன், கடைசியில் மறுபடி கிளிப்

இதுதான் வழக்கமான பாதை. ஆபரேஷனுக்கு முன் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் கிளிப், அதன் பிறகு இன்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டரை வருடம், சிலருக்கு மூன்று வருடம்.

ஆபரேஷனுக்கு முந்தைய கிளிப்பின் வேலை, வாய் இத்தனை நாள் போட்டுவைத்த வேஷத்தைக் கலைப்பது. உள்ளே சாய்ந்திருந்த கீழ்ப்பற்களை நிமிர்த்தி முன்னால் கொண்டுவருவார்கள். வெளியே சாய்ந்திருந்த மேற்பற்களைப் பின்னால் இழுப்பார்கள். விளைவு என்ன? ஒவ்வொரு மாதமும் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், மோசமாகிக்கொண்டே போகும். முன்தள்ளிய தாடை இன்னும் முன்தள்ளித் தெரியும். சிகிச்சைக்குப் போகப் போக முகம் கெட்டுக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. வெளியாட்கள், "இவ்வளவு நாள் கிளிப் போட்டும் ஒன்றும் சரியாகவில்லையே" என்பார்கள். எனக்கு ஆபரேஷனுக்கு முந்தைய மாதம் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் சண்டை போட்டுக்கொண்டுதான் மென்றேன்.

இந்தச் சங்கடத்துக்குக் கூலி, துல்லியம். பற்கள் எல்லாம் அவற்றின் எலும்பில் நிமிர்ந்து நிற்பதால், தாடையை நகர்த்தியவுடன் மேலும் கீழும் பூட்டும் சாவியுமாகப் பொருந்திவிடும். அறுவை நிபுணருக்கு ஊகம் குறைவு. பல் நெருக்கம் அதிகமுள்ளவர்கள், மேல்தாடை குறுகலாக இருப்பவர்கள், முகம் ஒரு பக்கம் கோணியிருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே பத்திரமான வழி.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. முகம் மோசமான நிலையில், பாதியில், "ஆபரேஷன் வேண்டாம், பயமாக இருக்கிறது" என்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் தொடங்கிய இடத்தைவிட மோசமான கடியோடு நிற்பீர்கள். இந்தப் பாதையில் முதல் கிளிப் போட்டுக்கொள்வதே ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்வதுதான்.

## இரண்டு: முதலில் ஆபரேஷன், பிறகு கிளிப்

இதில் பிராக்கெட்டை ஆபரேஷனுக்குச் சற்று முன்பு ஒட்டுவார்கள், ஆனால் பற்களை நகர்த்த மாட்டார்கள். முதலில் தாடையை நகர்த்திவிட்டு, சில வாரங்களில் பல் வரிசையைச் சரிசெய்யத் தொடங்குவார்கள். முகம் மோசமாகும் அந்த ஒன்றரை வருடமே இதில் கிடையாது. எலும்பை வெட்டிய பிறகு, ஆறும் வேகத்தில் சுற்றியுள்ள எலும்பு சில மாதங்களுக்கு இளகிக்கொடுக்கும். அப்போது பற்களும் வேகமாக நகரும். அதனால் மொத்தக் காலமும் பெரும்பாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் முடிகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? விலை வேறு இடத்தில் இருக்கிறது. பற்கள் இன்னும் வேஷத்தோடுதான் நிற்கின்றன என்பதால், ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொடும். அந்த ஆட்டத்தைத் தாங்க ஸ்பிளின்ட் எனப்படும் பிளாஸ்டிக் தகட்டைச் சில வாரம் பல்லுக்கு நடுவே வைத்திருக்க நேரலாம். ஒழுங்காக மெல்லும் நாள் தள்ளிப்போகும். கடி கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்பதை டாக்டர்கள் முன்கூட்டியே கணித்துத்தான் தாடையை வைக்கிறார்கள். கணக்கு தப்பினால் அதைக் கிளிப்பால் ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் மறு ஆபரேஷன். வீக்கம் முழுதாக வடியும் முன்பே அடிக்கடி கிளிப் டாக்டரிடம் போய் உட்காரவும் வேண்டும்.

பல் வரிசை ஏற்கெனவே ஓரளவு நேராக இருந்து, எலும்பு மட்டுமே இடம் மாறியிருப்பவர்களுக்கு இது அருமையான வழி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் காத்திருக்க முடியாதவர்களுக்கும்தான். ஒரு நிபந்தனை: கிளிப் டாக்டரும் அறுவை நிபுணரும் இதே முறையில் சேர்ந்து பல பேருக்குச் செய்தவர்களாக இருக்க வேண்டும். "இதுவரை எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## மூன்று: கிளிப்பால் மட்டும் ஒப்பேற்றுவது

தாடையைத் தொடாமல், வாய் ஏற்கெனவே போட்ட வேஷத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கிவிடுவது. கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தால் கீழே இரண்டு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, கீழ் முன்பற்களை உள்ளே இழுப்பார்கள். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் மேலே பிடுங்கி, மேல் முன்பற்களை இழுப்பார்கள்.

கோளாறு லேசானது என்றால் இதற்குமேல் என்ன வேண்டும்? மயக்க மருந்து இல்லை, எலும்பை வெட்டுவது இல்லை, உதடு மரத்துப்போகும் பயம் இல்லை. கடி நன்றாகப் பொருந்தி, முகத்தைப் பற்றிப் பெரிய குறை இல்லாதவர்களுக்கு ஆபரேஷனைச் சிபாரிசு செய்பவர்களை நான் சந்தேகப்படுவேன்.

ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முகவாய் இருந்த இடத்திலேயே இருக்கும், மூச்சுப்பாதையும் அப்படியே. பல்லை அதன் எலும்பின் எல்லைக்கு வெளியே தள்ளினால் ஈறு இறங்கி வேர் தெரியத் தொடங்கும். நீண்ட நாள் இழுத்தால் வேரின் நுனி கரையவும் கூடும். மூன்றாவதுதான் என் கதை. முன்தள்ளிய தாடைக்கு ஒப்பேற்றும் வழியில் கீழே பல் எடுக்கிறார்கள். அதே தாடைக்கு ஆபரேஷன் வழியில் பல் எடுக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் மேலே எடுப்பார்கள். பின்தங்கிய தாடைக்கு இது அப்படியே தலைகீழ். பதினைந்து வயதில் எனக்குக் கீழே எடுத்தார்கள், அழகாக மூடினார்கள். அதற்குப் பிறகும் தாடை வளர்ந்தது. ஆபரேஷனுக்காக உள்ளே சாய்த்த பற்களைத் திரும்ப வெளியே தள்ளியபோது, எட்டு வருடத்துக்கு முன் மூடிய அதே இடம் மறுபடி இடைவெளியாகத் திறந்துகொண்டது. மேலேயும் இரண்டு பல் போனது. முதலில் செய்தவரைத் திட்டிப் பயனில்லை, அன்றைக்கு என் கடி நன்றாகத்தான் இருந்தது. வளரும் வயதில் இப்படிப் பல் பிடுங்கலாமா, வளர்ச்சி முடியட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

## நான்கு: ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. நன்றாக மெல்ல முடிகிறது, மூச்சு சீராக இருக்கிறது, பல் ஒன்றையொன்று தேய்க்கவில்லை, முகம் உங்களுக்குப் பழகிய முகம். அப்படியானால் விட்டுவிடலாம். இந்த ஆபரேஷன் பெரும்பாலும் அவசரமானது இல்லை; நாற்பது வயதிலும் செய்துகொள்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பல் தேய்மானத்தையும் ஈறையும் பார்த்துக்கொண்டால் போதும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள், தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் காற்றை அழுத்தித் தரும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க முடியாதவர்களுக்கு இரண்டு தாடையையும் முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் நல்ல பலன் தருகிறது. மாறாக, கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால் மூச்சுப்பாதை சற்றுக் குறுகலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | கிளிப், ஆபரேஷன், கிளிப் | ஆபரேஷன் முதலில் | கிளிப் மட்டும் | சும்மா இருப்பது |
|---|---|---|---|---|
| காலம் | 1½ முதல் 3 வருடம் | 1 முதல் 1½ வருடம் | 1½ முதல் 2½ வருடம் | இல்லை |
| கடினமான கட்டம் | ஆபரேஷனுக்கு முந்தைய வருடமும் பிந்தைய 6 வாரமும் | ஆபரேஷனுக்குப் பிந்தைய சில மாதங்கள் | பெரிதாக இல்லை | இல்லை |
| முகம், மூச்சு | மாறும் | முதலிலேயே மாறும் | மாறாது | மாறாது |
| திரும்பாதது | உதட்டு உணர்வு கொஞ்சம் போகலாம் | அதேதான், கணிப்புத் தவறும் சேரும் | பிடுங்கிய பல், இறங்கிய ஈறு | தேய்ந்த பல் |
| யாருக்கு | பல், எலும்பு இரண்டிலும் கோளாறு | பல் நேர், எலும்பு மட்டும் கோளாறு | லேசான கோளாறு, முகத்தில் குறை இல்லை | தொந்தரவே இல்லாதவர் |

## ஆபரேஷன் என்று முடிவானால்

முதல் இரண்டு வழிக்கும் இது பொது. வெட்டு வாய்க்கு உள்ளேதான், முகத்தில் பெரிய தழும்பு வராது. கீழ்த்தாடையில் இரு பக்கமும் எலும்பை நீளவாக்கில் இரண்டு அடுக்காகப் பிளந்து, தீப்பெட்டியின் உள்பெட்டியை நகர்த்துவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றை நகர்த்துவார்கள். 1957-இல் ஹியூகோ ஓப்வெகேசர் என்ற அறுவை நிபுணர் வெளியிட்ட முறைதான் இதன் அடிப்படை. மேல்தாடை வெட்டுக்கு லு ஃபோர்ட் என்று பெயர். முகம் அடிபட்டால் எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று 1901-இல் ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. விபத்தின் கோட்டையே வைத்தியத்தின் கோடாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நகர்த்தியதை டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பூட்டுவார்கள். அதனால் முன்போல ஆறு வாரம் கம்பியால் வாயைக் கட்டிவைப்பது பெரும்பாலும் இல்லை, மேல் கிளிப்பையும் கீழ்க் கிளிப்பையும் இணைக்கும் ரப்பர் வளையங்கள் மட்டும் போடுவார்கள். தகடு உள்ளேயே இருந்துவிடும். கிருமி தொற்றினாலோ உறுத்தினாலோ எடுப்பார்கள்.

முன்னேற்பாட்டில் தள்ளிப்போடக் கூடாதது ஞானப்பல். கீழ் ஞானப்பல் வெட்டும் கோட்டிலேயே கிடக்கும் என்பதால், எடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்து எலும்பை ஆறவிடச் சொல்வார்கள். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், எலும்பு கூடுவதை அது கெடுக்கும். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, சத்து மாத்திரை என எது சாப்பிட்டாலும் எழுதிக்கொண்டு போங்கள். காப்பீடு இருந்தால், மெல்ல முடியாதது, மூச்சுக் கோளாறு போன்றவை மருத்துவக் குறிப்பில் பதிவாகட்டும். தோற்றத்துக்கான சிகிச்சை என்று தட்டிக்கழிக்க இடம் தராது. ஆபரேஷனுக்கு முன் உடம்பைக் குறைக்காதீர்கள், அதைத் தாடை பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை: மிக்ஸி, நுனியில் மெல்லிய குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்சுகள், குழந்தைகளின் பல் துலக்கி, உதட்டுக்குத் தடவ ஏதாவது, தலையை உயர்த்திப் படுக்க மூன்று நான்கு தலையணை, எழுதிக் காட்ட ஒரு சிறிய பலகை, கத்தரிக்கோல். கடைசியாகச் சொன்னது ரப்பரை வெட்ட. வாந்தி வந்தால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. உண்மையில் விழுங்கிய ரத்தத்தால் வரும் வாந்தி நீர்த்துத்தான் இருக்கும், பல் இடுக்கில் வெளியேறிவிடும். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருந்தால்தான் தூக்கம் வரும். எப்போது, எதை வெட்டலாம் என்பதை வீடு திரும்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூடும், மூன்றாம் நாள் உச்சம். இது தெரியாமல் மூன்றாம் நாள் காலை கண்ணாடி பார்த்தால் ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் தோன்றும். முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், பிறகு இளஞ்சூடு. இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும், மிச்சம் ஆறு மாதம் வரை மெல்ல மெல்ல இறங்கும். ஆகவே முதல் மாதத்துப் புகைப்படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மேல்தாடையையும் வெட்டியிருந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும்; சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தவே கூடாது, உப்புநீர் ஸ்ப்ரேதான்.

சாப்பாடு ஒரு தனி வேலையாகிவிடும். சிரிஞ்சின் குழாயைக் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே செருகி, கொஞ்சம் அழுத்தி, தலையைச் சாய்த்து, விழுங்கி, மறுபடி அழுத்தி. ஒரு டம்ளர் பால் உள்ளே போக எனக்கு முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. உதடும் முகவாயும் மரத்திருந்ததால் பாதி வெளியே வழிந்தது, வழிந்ததே தெரியவில்லை. அம்மா துண்டை நீட்டும்போதுதான் தெரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சும்மா சொல்வோமே, அதைச் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து பார்த்தேன். சில கிலோ குறைவது சாதாரணம். மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, புரதம் சேர்த்துக் குடியுங்கள். முதல் வாரங்களில் திரவம், பிறகு மசித்தது. எலும்பு ஓரளவு கூட ஆறு வாரமாவது ஆகும், அதுவரை மெல்லக் கூடாது.

இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரலாம். மருந்து, பசி, தூக்கமின்மை, பேச முடியாமை, தன் முகம் தனக்கே அந்நியமாவது, எல்லாம் சேர்ந்து வரும் சோர்வு அது. "ஏன்டா செய்துகொண்டோம்" என்று அந்த வாரத்தில் தோன்றாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெரும்பாலும் தானே விலகும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மரத்துப்போவதுதான் கடைசி வரை கூட வரும் தோழன். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, எலும்பைப் பிளக்கும்போது இழுபடுகிறது. சில மாதங்களில் எறும்பு ஊர்வதுபோலக் கூசத் தொடங்கினால் நரம்பு விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பலருக்கு ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. சிலருக்கு ஒரு சிறு பகுதி மந்தமாகவே தங்கிவிடும். எனக்கு முகவாயின் இடப்பக்கம் காசு அளவுக்கு ஓர் இடம் இன்றும் அப்படித்தான். உதடு அசைவதில் குறை இல்லை, அது வேறு நரம்பு. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நிதானமாக யோசியுங்கள். முடியாது என்றால் மூன்றாவது வழியும் நான்காவது வழியும் உங்களுக்கானவை.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பலாம். நாள் முழுக்கப் பேசும் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து விடுப்பு எடுங்கள். அடிபடக்கூடிய விளையாட்டு மாதக்கணக்கில் வேண்டாம். வாயைத் திறக்கும் பயிற்சியைச் சொன்ன நாளில் தொடங்கிவிடுங்கள். முதலில் ஒரு விரல் நுழையாது, மூன்று விரல் நெட்டுக்குத்தாக நுழையும்வரை விடக் கூடாது.

இனி அந்த இரண்டு டாக்டர்கள் விஷயம். அடுத்த முறை போகும்போது இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் கீழ் முன்பற்களை எந்தப் பக்கம் நகர்த்தப் போகிறீர்கள், முன்னாலா பின்னாலா?" முன்தள்ளிய தாடைக்கு முன்னால் என்றால் ஆபரேஷன் வழி, பின்னால் என்றால் ஒப்பேற்றும் வழி, பின்தங்கிய தாடைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கிளிப்பைப் போடுவோம்" என்று பதில் வந்தால், அன்றைக்குக் கிளிப் போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.